பேப்பரில் வெட்டிய சைக்கிள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம், சைக்கிள் இரண்டும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் பிக்அப் வண்டியும் நலமென்று நம்புகிறேன்.

வரும் ஞாயிறு ஏரிக்கரையில் மூவரும் சைக்கிள் விடுவதாகப் பேச்சு. ஐம்பத்தெட்டு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்ட உங்கள் தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. சைக்கிளை ஏற்றிப்போக, "பேசாம என்னை மாதிரி ஒரு பிக்அப் வாங்குங்க மாப்பிள்ளை" என்றீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாற்பது வருஷம் தையல் மிஷினுக்கு முகத்தையும் அவளுக்கு முதுகையும் காட்டியவன் நான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏரி வரை பேசிக்கொண்டே போக ஆசை. உங்கள் பிக்அப்பில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

அதனால் கார்தான் என்று முடிவு கட்டினேன். அளவெடுக்காமல் கத்திரியைத் தொட்டவன் இல்லை நான். சைக்கிள்களைப் படுக்கவைத்து, பிரவுன் பேப்பரில் சாக்கட்டியால் ஓரம் வரைந்து, தையலுக்கு விடுவது போல இரண்டு விரல் கூடுதலாக விட்டு வெட்டி, சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு கார் கடை பாக்கியில்லாமல் ஏறி இறங்கினேன். கடைசிக் கடையிலே இருந்த பொண்ணு, "சார், இது என்னது?"ன்னு கேட்டுச்சு. "சைக்கிள்மா"ன்னேன். அங்கே நின்ன காரோட பின்சீட்டை மடக்கி, ரெண்டு பேப்பரையும் ஒண்ணு மேல ஒண்ணா விரிச்சேன், கச்சிதமா உட்கார்ந்துச்சு. "ரெண்டும் அடங்குதா சார்?" "இன்னும் ஆறு சைக்கிளுக்கு இடம் இருக்கும்மா." அதுவும் தலையை ஆட்டிச்சு, நானும் வாங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து நிஜ சைக்கிளைத் தூக்கித் தள்ளினா, ஹேண்டில்பார் குறுக்கே நின்னுக்கிட்டு உள்ளே போகமாட்டேங்குது. துணிக்கு நீளம் அகலம்தானே, கனத்தை நான் எந்தக் காலத்துல அளந்தேன்? உங்க தங்கை வாசல்ல நின்னு பார்த்துட்டு, "சட்டைன்னா பிரிச்சுத் தைக்கலாம். காரை என்ன பண்ணப்போறீங்க?"ன்னு கேட்டா. எனக்கு முகம் செத்துப்போச்சு. அப்புறம் சைக்கிள் மெக்கானிக் வந்து, "அண்ணே, பிரிக்க வேண்டியது சைக்கிளை"ன்னு சொல்லி, ஒரு சைக்கிள்ல ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, ஹேண்டில்பாரைத் திருப்பி, உள்ளே படுக்கவெச்சுக் காட்டிட்டுப் போனார். ஒண்ணு போனா இன்னொண்ணு போகாதா? ஆகவே நீங்கள் எங்களுக்காக ஒரு சிரமமும் பட வேண்டாம். நேராக ஏரிக்கு வந்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. உங்கள் பிக்அப்புக்கு நீண்ட ஆயுளும் நல்ல ஓய்வும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் காரில் அழைத்து வரவிருக்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இரண்டாவது சைக்கிளையும் பிரித்து ஏற்றிப் பார்த்தேன். அழகாக அடங்கிவிட்டது. நாலு சக்கரம்தான் மிச்சம். அவற்றை முன்சீட்டில் அடுக்கி பெல்ட்டும் மாட்டினேன். உங்கள் தங்கை எட்டிப் பார்த்து, "என்னையும் பேப்பர்ல வெட்டி மடிச்சு வெச்சுக்கப்போறீங்களா?" என்றாள். ஆகவே ஞாயிறு காலை பிக்அப்பை இங்கே கொண்டு வாருங்கள். சைக்கிள் இரண்டும் உங்களோடு வரட்டும். உங்கள் தங்கை என்னோடு வருகிறாள்.