அப்பாவின் அடக்கமும் ஒரு மவுஸ் சக்கரமும்

காலை எட்டு இருபது. சக்கரத்தைக் கீழே உருட்டினால் பக்கம் மேலே போனது. அன்று திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். நாலடி பின்னால், தங்க வயல் வீட்டின் கூடத்தில், அப்பா ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

நான் பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியை. அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவள். அதனால் அப்பாவின் இறப்பு அறிவிப்பை நானே தயாரிப்பேன் என்றேன்.

“ராபர்ட்சன்பேட்டைல கடையில செஞ்சு குடுப்பாங்கக்கா. போட்டோ குடுத்தா போதும்” என்றான் தம்பி டேவிட்.

கடைக்காரரின் எழுத்துப் பிழைகளோடு அப்பாவைக் கல்லறைக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். (அழுதுகொண்டேதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.)

அவசரத்துக்குக் காரணம் அத்தை, அப்பாவின் அக்கா. பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அன்றும் அப்படி ஒரு நாள். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். விடியற்காலையில் செய்தி சொன்னபோது அழுது முடித்துவிட்டுக் கேட்டார்:

“எத்தினி மணிக்கு எடுக்கறீங்க? நாலுக்குன்னா ஆஸ்பத்திரி வாணாம், இப்பவே ரயிலு ஏறிடறேன். பொழுது சாஞ்சுன்னா மெஷின்ல படுத்துட்டு வரேன். அவன் மொகத்த ஒருதரம் பாக்கணும்டி.”

“போதகர கேட்டுட்டு கார்டு அனுப்பறேன் அத்தை. அதுல மணி இருக்கும்.”

போதகர் நான்கு மணி என்றார். கேட்டிருக்கவே வேண்டாம். தங்க வயலில் அடக்கம் என்றால் பெரும்பாலும் நான்குதான். முதல் ஷிஃப்ட் முடிந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரத் தோதான நேரம். சுரங்கத்தை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஷிஃப்ட் இல்லாதவர்களையும் அதே நேரத்தில்தான் புதைக்கிறோம். அப்போதே அத்தைக்குப் போன் செய்து ‘நாலு’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் எழுத்தில் வந்தால்தான் செய்தி என்று நம்பும் தொழில் என்னுடையது.

தம்பியின் பழைய கணினியில் ஓர் இணையதளத்தைத் திறந்தேன். பெயர், படம், நாள், மணி என்று பெட்டிகளை நிரப்பினால் அதுவே கார்டு செய்து தரும். நிரப்பினேன். கடைசிப் பெட்டி மணி. 4 என்று அடித்தேன். ‘தயாரி’ என்ற பொத்தான் பக்கத்தின் அடியில் இருந்தது. கீழே உருட்டினேன். மேலே போனது. மறுபடி உருட்டினேன். ஒரு விரற்கடை இறங்கி, மனம் மாறியதுபோல மறுபடி ஏறியது. (விசைப்பலகையில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி இருப்பது மறுநாள் மதியம் என் நினைவுக்கு வந்தது.)

வயரைப் பிடுங்கிச் செருகினேன். மவுஸை மேசையில் நான்கு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தத்துக்குச் செல்வராஜ் மாமா எழுந்து வந்தார்.

அப்பா வைண்டர் டிரைவர். ஆட்கள் ஏறிய கேஜை, அந்த இரும்புக் கூண்டை, சுரங்கத்துக்குள் இறக்கித் தூக்கும் இயந்திரத்தை ஓட்டியவர். செல்வராஜ் மாமா அதே இயந்திரத்தின் ஃபிட்டர். பின்னாலேயே வந்த ஆரோக்கியம் மாமா அதன் எலெக்ட்ரீஷியன். இருவரும் விடிந்ததிலிருந்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவர்கள். ஏதோ ரிப்பேர் என்றதும் முகத்தில் உயிர் வந்தது.

“இன்னா பாப்பா, ஓடலியா?” (பாப்பாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.)

“கீழ உருட்டினா மேல போகுது மாமா.”

“பிரேக் ஸ்லிப். நவுரு” என்றார் செல்வராஜ் மாமா.

“பிரேக்கும் இல்ல, மண்ணும் இல்ல. கான்டாக்ட் போயிருக்கும்” என்றார் ஆரோக்கியம் மாமா.

“முப்பது வருஷமா எல்லாத்துக்கும் இதேதான் சொல்ற.”

“முப்பது வருஷமா அதான்யா போவுது.”

அம்மாவின் தையல் மிஷின் டிராயரிலிருந்து திருப்புளி வந்தது. மவுஸைக் கவிழ்த்துத் திறந்தார்கள். சக்கரத்தின் அச்சில் தலைமுடி சுற்றியிருந்தது. அதன் பல்லிடுக்கில் பிஸ்கட் தூள். துக்கத்துக்கு வந்த ஆண்கள் ஒவ்வொருவராக மேசையைச் சூழ்ந்தார்கள். டார்ச் பிடிக்க ஒருவர், ஊத ஒருவர், “ஊதாதய்யா, எச்சி தெறிக்குது” என்று சொல்ல ஒருவர். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “இங்க ஒருத்தரு படுத்துனு கீறாரு. அங்க இன்னா ஒர்க்‌ஷாப் தொறந்துட்டீங்களா?”

“அவரு இருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும் அண்ணி” என்றார் செல்வராஜ் மாமா, நிமிராமலே.

தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மூடினார்கள். ஒரு திருகாணி மீதி இருந்தது. அது கூடுதல் என்று ஒருமனதாக முடிவானது. மணி எட்டு ஐம்பது. நான் மவுஸுக்குக் கை நீட்டினேன்.

“இரு பாப்பா. டிரையல் பாக்காம குடுக்கக் கூடாது. ஆள ஏத்தறதுக்கு முன்னாடி வெறும் கேஜ ஒருதரம் அடிவரைக்கும் விட்டு எடுக்கணும். உங்கப்பன் விடாம செய்வான்.”

செல்வராஜ் மாமா சக்கரத்தை அடிவரை உருட்டினார், மேலே உருட்டினார், இன்னொரு முறையும் செய்தார். பக்கம் சொன்னபடி கேட்டது. யாரோ கைதட்டி, இடம் உறைத்து நிறுத்திக்கொண்டார். நான் பொத்தானை அழுத்தினேன். கார்டு வந்தது. ‘நல்லடக்கத்திற்கு’ அடுத்து ஒரு ப் விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தி, பெருமையோடு எல்லோருக்கும் அனுப்பினேன்.

மாலை நான்கு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். போதகரும் வீட்டிலிருந்தவர்களும் வாயால் சொல்லி வந்த உள்ளூர்க்காரர்கள். கார்டு யாருக்கும் தேவைப்படவில்லை. அத்தையைக் காணோம். போன் செய்தேன்.

“ரயில்லதான் கீறேன். மாலூர் வரல இன்னும். ஆறுக்குத்தானே?”

“ஆறா? யார் சொன்னது?”

“நீதானடி கார்டுல போட்டுகீற. எம்பையன்கூட, நம்மூர்ல நாலுக்குத்தானேம்மா எடுப்பாங்கன்னான். பேப்பர்ல வேல செய்யறவ போட்டா தப்பா இருக்காதுடான்னு நாந்தான் மெஷின்ல போய்ப் படுத்தேன்.”

கார்டைத் திறந்து பார்த்தேன். மாலை 6 மணி. டிரையல் பார்த்தபோது சக்கரம் பக்கத்தை மட்டும் நகர்த்தவில்லை. நான் கடைசியாகத் தொட்டிருந்த மணிப் பெட்டியின் எண்ணையும் இறக்கி ஏற்றியிருக்கிறது. கோளாறு சரியாகவில்லை. இறங்கிய அளவுக்கு மேல் இரண்டு பல் கூடுதலாக ஏறியிருக்கிறது.

மழை பிடித்திருந்தது. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நான்கரை வரை பொறுத்த போதகர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டேவிட் வீடியோ காலில் அத்தையைப் பிடித்து, குடைக்குக் கீழே போனை அப்பாவின் முகத்துக்கு மேலே காட்டினான். ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. “கட்டங்கட்டமா தெரியுதுடா. மூக்கு எங்க?” என்ற குரல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பெட்டியை மூடினார்கள்.

அத்தை ஐந்தே முக்காலுக்கு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மண் மேட்டைப் பார்த்தார். மணி மாறிய கதையை என்னிடம் கேட்டிருந்த செல்வராஜ் மாமா கிட்டே போய், “வெறும் கேஜுன்னுதான் நெனச்சேன்க்கா” என்றார். அத்தைக்கு அது புரியவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குள் இது குடும்ப வேடிக்கையாகிவிட்டது. ஆரம்பித்து வைத்தவரே அத்தைதான். நான் என்ன நேரம் சொன்னாலும், “ரெண்டு கொறச்சுக்கோங்கடா” என்பார். நல்ல கூட்டமாக இருந்தால் அடுத்ததையும் சொல்வார்: “என்னிய எத்தினி மணிக்கு எடுக்கறாங்கன்னு இவள மட்டும் கேக்காதீங்க.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அத்தை போன வருடம் இறந்தார். அறிவிப்பை டேவிட் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பினான். அடக்கம் மாலை நான்கு மணிக்கு. நான் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன்.