காரணத்தில் கார்

பூமியைக் காப்பாற்றியே தீருவது என்று தையல்கடை வைத்திருக்கும் கோட்டு மாஸ்டர் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ஞாயிற்றுக்கிழமை வரை பூமியைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. அவர் கவலையெல்லாம் மனைவியின் அண்ணனைப் பற்றித்தான்.

அந்த அண்ணன் கடலோரத்தில் புது வீடு கட்டியிருந்தார். போகிற இடமெல்லாம் படம் எடுப்பவர். எடுத்ததோடு விடமாட்டார்; விருந்தாளியை உட்காரவைத்து ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொல்வார். போன தடவை முந்நூற்று நாற்பதாவது படத்தில் மாஸ்டர் குறட்டை விட்டுவிட்டார். "ஆமாண்ணா, அஞ்சு நாள் தங்குற மாதிரிதான்" என்று மனைவி போனில் சொன்னது காதில் விழுந்ததுமே அவர் தப்பிக்க வழி தேட ஆரம்பித்தார்.

மறுநாள் பொத்தான் பொட்டலத்தைப் பிரித்தபோது வழி பிறந்தது. சுற்றியிருந்த பழைய செய்தித்தாளில் 'பருவநிலை மாற்றம்: காரணங்கள், ஆதாரங்கள், விளைவுகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. காரணங்கள் முழுசாக இருந்தன. அதற்குக் கீழே காகிதம் கிழிந்துபோயிருந்தது. அண்ணன் வீட்டுக்குக் காரில்தான் போவது வழக்கம்; வீட்டுச் செலவுக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி பூகோள டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, இனிமே நான் கார்ல ஏறமாட்டேன்."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"பூமிக்குக் காய்ச்சல். காரணம் தெரியுமா? காரணம்கிற வார்த்தையிலேயே முதல்ல கார்தான் நிக்குது!"

"ஆதாரம்?"

"அது கிழிஞ்சிருச்சு."

"எது?"

"பூமி."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். வகுப்பு ஆரம்பமாகிவிட்டது.

"பூமிக்கு ஏற்கெனவே ஒரு கோட்டு இருக்குங்க. கச்சிதமான அளவு. அது இல்லன்னா உறைஞ்சு போயிடுவோம். நாம பெட்ரோல், நிலக்கரின்னு எரிக்க எரிக்க, அதுல வர்ற கரியமில வாயு அந்தக் கோட்டுக்கு மேல மேல லைனிங் வெச்சுக்கிட்டே போகுது. சூடு வெளிய போக முடியல."

"ஆனா ஓசோன்ல ஓட்டைன்னு சொன்னாங்களே? கோட்டுல ஓட்டை இருந்தா காத்து வரணும். குளிரணுமே!"

"அது வேற ஓட்டைங்க."

"மொத்தம் எத்தனை ஓட்டை?"

"ஓட்டைய விடுங்க."

"சரி, போன வாரம் ஒரு நாள் எனக்குக் குளிருச்சே?"

"அது வானிலை. நான் சொல்றது காலநிலை."

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. ஒரே வானத்துக்கு ரெண்டு நிலையா? டீச்சர் எழுந்துபோய் அலமாரி மேலிருந்து அவருடைய அளவு நோட்டுகளை இறக்கினார். இருபத்திரண்டு வருஷத்து நோட்டுகள்.

"முதல் நோட்டுல முதல் கம்பளிக் கோட்டு ஆர்டர் எப்போ?"

"அக்டோபர் அஞ்சு."

"போன வருஷம்?"

"டிசம்பர் இருபது." அவர் குரல் இறங்கியது. "அது எதிர்க்கடைக்காரன் சூழ்ச்சி. பதினோரு வருஷமா என் ஆர்டரையெல்லாம் அவன் தையல்கடைக்கு இழுக்கிறான்..."

"குளிரே லேட்டாத்தான் வருதுங்க. அவர் கடைக்கு மட்டும் குளிர் தனியா வருதா? உங்க நோட்டு மட்டும் சொன்னா நானும் நம்பமாட்டேன். உலகம் பூரா அளந்து பார்த்தவங்களும் அதையேதான் சொல்றாங்க. பனிப்பாறை உருகுது. கடல் ஏறுது."

ஆதாரம் என்ற சொல்லுக்குள்ளே தாரம் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. பதினோரு வருஷமாக ஒரு மனுஷனைக் காரணமில்லாமல் கரித்துக்கொட்டியிருக்கிறோமே என்று மனசு சங்கடப்பட்டது. அன்று எதிர்க்கடைக்காரரைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். அந்த மனிதர் பயந்துபோய்க் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார்.

"அப்ப அண்ணன் வீட்டுக்கு நீங்க..." என்று ராத்திரி டீச்சர் ஆரம்பித்தார்.

"பூமிக்காக வரமாட்டேன்!"

"சரிங்க."

இவ்வளவு சுலபமாகவா? மாஸ்டருக்கு எங்கோ தையல் பிரிகிற மாதிரி இருந்தது.

கொள்கை என்றால் கொள்கை என்று டீச்சர் கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஏசி நின்றது. கடைக்கு நாற்பது நிமிஷ நடை. ரெண்டு வாரம் மாஸ்டர் வெயிலில் வெந்தார். மூன்றாவது நாளே இடுப்பில் அரை அங்குலம் இறங்கியது. தன் அளவைத் தானே எடுத்து, தானே கண்கலங்கினார்.

பதினைந்தாம் நாள் டீச்சர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கடல்காற்று மாஸ்டரின் கண்முன் வீசியது. அதற்கு ஈடாக ஆயிரம் படம்கூடப் பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது.

"யோசிச்சுப் பார்த்தேன். சொந்தம்னு ஒண்ணு இருக்கே. நானும் வரேன். கார் வேண்டாம், ரயில்லயே போறோம். புகை ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்."

"நாம எங்கங்க போறோம்?" டீச்சர் டிக்கெட்டைக் காட்டினார். ஒரே ஒரு டிக்கெட். எடுத்து ஒரு மாசம் ஆகியிருந்தது. "அண்ணன் என்னை மட்டும்தான் வரச்சொன்னார்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க பூமியக் காப்பாத்தக் கிளம்பிட்டீங்க. குறுக்க நிப்பானேன்னு விட்டுட்டேன்."