மேகத்துக்குள் ஒரு சமாதானம்

"அவளால மலை ஏற முடியாது, உடம்பு அப்படி" என்று வேனில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாயை விட்டார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். முன் சீட்டிலிருந்த மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வேன் நின்றதும் இறங்கினாள். மலைமேல் இடிந்து கிடந்த கோட்டையை நோக்கி விறுவிறுவென்று ஏறத் தொடங்கினாள்.

மூச்சு வாங்கப் பின்னால் ஓடினார். "நான் உன்னைச் சொல்லலை!"

"பின்ன யாரைச் சொன்னீங்க?"

"உங்கம்மாவை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவியின் நடை ஓட்டமானது.

கோட்டை வாசலில் அவள் நுழைந்ததும் மேகமும் நுழைந்தது. வழி போனது, மதில் போனது, அவளும் போனாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். ஊருக்கே பார்வை விற்கிறவருக்குத் தன் கையே தெரியவில்லை. கற்கள் ஈரமாய் மூச்சு விட்டன. சுவரில்லாத ஜன்னல் ஒன்று வெறும் வானத்தில் தொங்கியது. ராஜாக்கள் தூங்கிய இடத்தில் புல் தூங்கிக்கொண்டிருந்தது.

"செல்லம்!" என்று கூப்பிட்டார். "செல்லம்... செல்லம்..." என்று நாலு பக்கமும் கற்கள் குழைந்தன. மேகத்துக்குள் யாரோ பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

குளிரில் தொண்டை கட்டி, குரல் வேறு யாருடையதோ போல் ஆகிவிட்டது. தட்டுத் தடுமாறி ஒரு சுவரைப் பிடித்தார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அம்பு விடுவதற்காக வைத்த சின்னத் துவாரத்தில் எட்டிப் பார்த்தார். போர்த்திய சால்வை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"கோபமா?"

"ம்."

"நான் சொன்னது தப்புதான்."

உறிஞ்சல் மட்டும் பலமானது.

பயந்துபோய் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தார். "இனிமே காலையில நானே எழுந்து சமைக்கிறேன்."

"ம்ஹும்."

மேகம் கழுத்துவரை நிறைந்திருந்தது. காலுக்குக் கீழே பூமி இருக்கிற ஞாபகமே இல்லை. அந்த மிதப்பில்தான், தலையே போனாலும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார்.

"உங்கம்மாவை நம்ம வீட்டோடயே கூட்டிட்டு வந்துடலாம்."

உறிஞ்சல் நின்றது. துவாரத்தின் வழியே கம்பளிக் கையுறை போட்ட ஒரு கை மெல்ல நீண்டு வந்தது. பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படி இறுக்கியதில்லை.

மேகம் கலைந்தபோது கையும் இல்லை, சால்வையும் இல்லை. மிதந்தபடியே இறங்கி வேனுக்கு வந்தார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சலாகத் தோளில் இடித்தார். அவள் நகர்ந்துகொண்டாள். வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது, பக்கத்து வேனிலிருந்து மஃப்ளர் சுற்றிய ஒருவர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"ஏங்க, மேகத்துல என் பொண்டாட்டி கையைப் பிடிச்சதைக்கூட விட்டுடறேன், அவங்கம்மாவை எங்க வீட்டோட கூட்டிட்டு வரேன்னு வாக்குக் கொடுத்த புண்ணியவான் உங்க வண்டியிலயா இருக்காரு?"