ஒரு கஷ்டம் கைமாற்றாகத் தேவை

மின்னசோட்டா,
டிசம்பர், பனி பெய்யும் திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க அக்கா ஆர்டிஸுக்கு, உன் தம்பி டுவெய்ன் எழுதிக்கொள்வது. உனக்கும் வெர்ன் அத்தானுக்கும் உடம்பு சுகந்தானே? இங்கே நான், கார்லீன், பிரிட்டா, நாய் உட்பட எல்லாரும் நலம். அந்த நலம்தான் அக்கா, இப்போது பெரிய பிரச்சினையாகிவிட்டது.

பிரிட்டாவுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். கிழக்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் கடல் பிராணிகளைப் பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் அவர்கள் கேட்பது கொஞ்சநஞ்சமில்லை. மதிப்பெண் பட்டியல் கேட்டார்கள், போய்விட்டது. வாத்தியாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள், வேதியியல் வாத்தியார் நிகார்ட் எழுதி அனுப்பினார். என்ன எழுதினீர்கள் என்று மளிகைக் கடையில் பார்த்தபோது கேட்டேன். "பொண்ணு மோசமில்லைன்னு எழுதியிருக்கேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை சாமானியமாக வருமா? நம் அப்பா, அம்மாவின் சமையலை அப்படி ஒரு தடவை சொல்லவே கல்யாண வெள்ளிவிழா வரை ஆயிற்றே! ஆனால் கார்லீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, அது நம்ம ஊர்லதான் பாராட்டு. அந்தப் பக்கத்து ஆளுங்க அதைத் திட்டுன்னு நினைச்சுக்குவாங்க."

அந்தக் கவலையே ஆறவில்லை, அதற்குள் கட்டுரை வந்து நின்றது. 'நீ வாழ்வில் சந்தித்த ஒரு தடையையும் அதைக் கடந்த விதத்தையும் எழுதுக.' வருஷப் பிறப்புக்குள் போய்ச் சேர வேண்டுமாம். இதெல்லாம் தெரிந்த பள்ளி ஆலோசகர் க்வாமி அம்மாளிடம் ஓடினேன். "கட்டுரைதான் சார் எல்லாம். படிக்கிறவங்க உருகணும். போன வருஷம் ஒரு பையனுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சுது, நேரா காலேஜுக்குள்ள போயிட்டான், அதிர்ஷ்டக்காரன்" என்றார். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன் அக்கா. பதினேழு வயசு வரைக்கும் நாங்கள் அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்திருக்கிறோம்? பல்லுக்குக் கம்பி போட்டோம். அதுவும் பச்சை நிறம் என்று ஆசையாக ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள். பெற்ற மகளுக்கு உருப்படியாக ஒரு கஷ்டம்கூடக் கொடுக்க வக்கில்லாத தகப்பன் ஆகிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இதனாலேயே அவளுக்கு இடம் கிடைக்காமல் போனால் நான் யார் முகத்தில் முழிப்பேன்?

சரி, இன்னும் நாள் இருக்கிறது, இனிமேலாவது கொடுப்போம் என்று இறங்கினேன். முதலில் அவள் கார் சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். பனியில் நடந்து போகட்டும், கால் மரத்துப் போகட்டும், எழுத விஷயம் கிடைக்கும். அவள் தெருமுனை தாண்டவில்லை, "ஏறு கண்ணு, ஏறு"ன்னு வண்டிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கிட்டு நிக்கிறாங்க! பள்ளி பஸ்ஸுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துட்டா, கையில சூடா ஒரு டோநட் வேற. அதுக்கப்புறம் வான்கோழிப் பண்ணையில கொட்டகை கழுவுற வேலைக்கு அனுப்பினேன். அந்த நாத்தத்துக்கு ஆம்பிளைங்களே அரை நாள்ல ஓடிப்போற இடம் அது. இவள் பாடிக்கிட்டே வீட்டுக்கு வர்றா. "அப்பா, வான்கோழிங்களுக்கு எவ்வளவு கோபம் வருது தெரியுமா? ரொம்ப சுவாரசியம்ப்பா!" சனிக்கிழமைகளுக்கு அவளையே மேற்பார்வைக்குப் போட்டுட்டு முதலாளி ஒரு வான்கோழியும் கொடுத்தனுப்பினார். நல்ல ருசி.

கடைசியாக, கார்லீனிடமும் சொல்லாமல், வீட்டு ஹீட்டரை அணைத்துவிட்டு "பழுதாயிடுச்சு" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். ஒரு ராத்திரியாவது குளிரில் கிடந்தால் ஒரு பத்தி தேறும் என்பது கணக்கு. ஆனால் பக்கத்து வீட்டு க்ளென்னாவுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ! மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட கறியோடு வந்துவிட்டாள். அவள் பின்னாலேயே சர்ச்சு ஆட்கள் மெத்தைப் போர்வைகளோடு வந்தார்கள். அப்புறம் சீட்டுக்கட்டு வந்தது, காப்பி வந்தது, பிரிட்டா சிரிச்ச சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கூப்பிடாமலேயே ரிப்பேர்காரன் ராஜரும் வந்து ஹீட்டரைத் திறந்து பார்த்தான். "டுவெய்ன் அண்ணே, பழுதெல்லாம் ஒண்ணுமில்ல. எந்தப் புண்ணியவானோ அணைச்சு வச்சிருக்கான்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நம்ம ஊர் மரியாதை, ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கார்லீன் மட்டும் மறுநாள் வரை என்னோடு பேசவில்லை.

ஆகையால் அக்கா, வெட்கத்தை விட்டு உன்னிடம் வருகிறேன். நம் குடும்பத்தில் நடந்த ஒரே பேரிடர், போன மார்ச்சில் அத்தானின் வண்டி ஏரியில் முழுகியதுதான். ஏரி மேல் உறைஞ்ச பனி மெலிஞ்சிருச்சு என்று ஊரே சொல்லியும், ஏரி நடுவே நிறுத்தியிருந்த மீன் பிடிக்கும் குடிசையை இழுத்துவரப் பனிமேல் வண்டியை விட்டாரே, அது. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்பதும், வண்டியை 'விற்றுவிட்டதாக'த்தான் அத்தான் சொல்லிவருகிறார் என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்குப் பிரிட்டா கரையில் நாற்காலி போட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கட்டுரையில் அவளைக் கரையிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வண்டிக்குள் உட்காரவைத்துக்கொள்ளட்டுமா? அத்தானைச் சட்டைக் காலரைப் பிடித்து அவள் இழுத்துவந்ததாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். கைமாற்றாகத்தான் கேட்கிறேன், காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அத்தானை நீதான் பக்குவமாகச் சம்மதிக்கவைக்க வேண்டும். மான்கறி சாசேஜ் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சை எடு.

உங்கள் இருவருக்கும் எங்கள் வணக்கமும் கிறிஸ்துமஸ் வாழ்த்தும். கர்த்தர் உங்கள் கூரையை இடியாமலும் குழாய்களை உறையாமலும் காப்பாராக.

உன் தம்பி,
டுவெய்ன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. அத்தானிடம் மூச்சு விடாதே. தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். பேனா மூடியைத் தேடப் போன நேரத்தில் பிரிட்டா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். "அப்பா! கட்டுரையை நான் போன மாசமே அனுப்பிட்டேனே!" அப்புறம் ஏன்டி பனியில் நடந்தாய் என்று கேட்டேன். "நீங்க அவ்வளவு ஆசையா சாவியை ஒளிச்சு வச்சிருந்தீங்க. கெடுக்க மனசு வரலப்பா." தடையே இல்லாமல் தடையைப் பற்றி என்னடி எழுதினாய் என்றேன். எடுத்துவந்து கடைசிப் பத்தியை வாசித்தாள். 'இதுவரை எனக்கு ஒரு தடையும் வந்ததில்லை. எங்கள் ஊரார் வரவிட மாட்டார்கள். முதல் தடை வருகிற ஆகஸ்டில் உங்கள் வாசலில் காத்திருக்கிறது. என்னை இறக்கிவிட்டுவிட்டு அப்பா வண்டியைத் திருப்புவார். அதை எப்படிக் கடப்பது என்று எனக்குத் தெரியாது.'

"எப்டிப்பா இருக்கு?" என்றாள். ஹீட்டர் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது அக்கா, ஆனாலும் எழுந்துபோய் அதை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

"மோசமில்லை" என்றேன். ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.