6174-க்கு ஒரு ஃப்ரிட்ஜ்

கரும்பலகையில் பூச்சியம் வந்து நின்றது.

"அப்போ ஃப்ரிட்ஜ் யாருக்கு? பூச்சியத்துக்கா?" என்று கேட்டார் மேனேஜர் சுந்தரபாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இந்த ராஜபாளையம் மில்லுக்குப் புதிது.

போன வருட ஆயுத பூஜைக் குலுக்கலில், குடத்துக்குள் கைவிட்டவர் சொந்த மச்சானின் சீட்டையே எடுத்ததாகப் பெரிய சண்டை. அதனால் இந்த வருடம் கணக்கு. யோசனை சூப்பர்வைசர் பிரேம்குமாருடையது. ஆளாளுக்குப் பிடித்த நாலிலக்க எண்ணைப் பெயரோடு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மேனேஜர் ஓர் எண் சொல்வார். அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழிக்க வேண்டும். விடையை மறுபடி அப்படியே. எது மாறாமல் நிற்கிறதோ அதுதான் பரிசு எண்.

எங்கே ஆரம்பித்தாலும் அது 6174-இல்தான் போய் நிற்கும். கேன்டீனில் டீ ஆறும் நேரத்தில் இதைச் செய்துகாட்டிப் பலரை வாய்பிளக்க வைத்தவன் பிரேம்குமார். நடத்துகிறவன் கையால் போட்டால் நன்றாயிருக்காது என்று, மனைவி பாண்டிசெல்வியிடம் எண்ணைச் சொல்லி, எழுதிப் போடச் சீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தான். பழைய ஃப்ரிட்ஜை முன்கூட்டியே அக்காவுக்குக் கொடுத்தும்விட்டான். அன்றிலிருந்து வீட்டில் மாவு புளிக்கிறது. பாண்டிசெல்வி முகம் அதைவிட.

ஆனால் மேனேஜர் சொன்ன எண் 1111.

"நாலும் ஒரே இலக்கமா இருக்கக் கூடாது சார்."

"முன்னாலயே சொல்லணும்ல? சரி, 2111."

அதில் 1112 போனால் 999.

"மூணு இலக்கம்தான் இருக்கு. பேசாம குடத்தையே எடுங்கப்பா."

"முன்னால ஒரு பூச்சியம் சேத்துக்கலாம் சார்."

"இல்லாத பூச்சியத்தை நீங்களா சேப்பீங்களா?"

"சேக்கட்டும் சார்," என்றாள் ஸ்பின்னிங் பிரிவு அழகுத்தாய். "ஒரு பூச்சியத்துல என்ன கொறஞ்சிரப் போவுது?"

கூட்டமே ஆமாம் போட்டது. தனக்கு மில்லில் இவ்வளவு செல்வாக்கா என்று பிரேம்குமாருக்கே ஆச்சரியம்.

சந்தேகப்பட்ட மேனேஜர் சாக்பீஸைப் பிடுங்கித் தானே கழித்தார். 9990-இல் 0999 போக 8991. 9981-இல் 1899 போக 8182. 8082 வர வேண்டும். கடன் வாங்கியதை மறந்துவிட்டார். பிரேம்குமார் பதறவில்லை. தப்பாகக் கழித்தாலும் போய்ச்சேரும் இடம் ஒன்றுதான்.

7533. 4176. 6174. மறுபடியும் 6174.

மேனேஜர் பெட்டியைத் திறந்தார்.

"6174. பால்ச்சாமி."

பிரேம்குமாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"6174. அழகுத்தாய். 6174. எட்வின்." மேனேஜர் பெட்டியைக் கவிழ்த்தார். "என்னய்யா இது, மில்லு பூரா ஒரே நம்பரு?"

"கேன்டீன்ல அண்ணன் சொல்லிக்குடுத்ததுதான சார்," என்றாள் அழகுத்தாய்.

மேனேஜர் சீட்டுகளைப் பரப்பிப் பார்த்தார். "அப்போ 6174 எழுதுன சீட்டை எல்லாம் குடத்துல போட்டுக் குலுக்குங்க."

பரவாயில்லை, குடத்திலாவது நம் சீட்டு இருக்கும் என்று பிரேம்குமார் மனதைத் தேற்றிக்கொண்டான். மேனேஜர் ஒரே ஒரு சீட்டை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

"உங்களுது இதுல சேராது பிரேம்குமார். வேற நம்பரு."

அவன் மெல்லத் திரும்பி, கூட்டத்தில் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"வரிசையில முன்னாடி நின்ன அம்புட்டுப் பேரும் அதையே எழுதுனாக," என்றாள் பாண்டிசெல்வி. "எல்லாரும் எழுதுற நம்பருக்கு எங்கிட்டு விழப்போவுதுன்னு நாந்தான் மாத்துனேன்."