சத்தமில்லாமல் வந்த வண்டி

பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்று ஊரறியச் சொல்லித் திரிகிறவன் வாழ்நாளில் ஒரு தடவையாவது பேய்க்குப் பயந்து ஓடியிருப்பான். மற்றவர்களைப் பற்றிச் சத்தியம் செய்ய மாட்டேன். என்னைப் பற்றிச் செய்வேன்.

அப்போது நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு பண்ணையாரிடம் வேலை பார்த்தேன். அவர் கொழும்பில் ஏலத்தில் எடுத்துத் தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறக்கிய மின்சார வண்டியை ஓட்டுவதுதான் என் உத்தியோகம். அதற்குக் குதிரையும் இல்லை, புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஆசனத்துக்கு அடியில் பாட்டரிப் பெட்டிகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும். பக்கத்து நூல் மில்லின் டைனமோவில் விடிய விடிய மின்சாரம் ஏற்றினால் மறுநாள் முழுக்க ஓடும். மின்சாரத்தைப் பற்றி நான் அறிந்தது அவ்வளவுதான். (பேசியது அதைப்போல் பத்து மடங்கு.)

எங்கள் சபையின் உபதேசியாருக்கு எஸ்தர் என்று ஒரு மகள். பெண் கேட்டுப் போன என் மாமாவிடம், "வண்டி ஓட்டுதவனுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உபதேசியார் உள்ளே போய்விட்டார். அந்த மார்கழியில், பண்ணையாரின் காப்பித் தோட்டத்துக் கூலியாட்களுக்குக் கிறிஸ்மஸ் ஜெபம் நடத்த அவர் மலைக்குப் போக வேண்டியிருந்தது. நானே கூட்டிப் போகிறேன் என்று பண்ணையாரிடம் முந்திக்கொண்டேன். மலையேறி இறங்குவதற்குள் அவர் மனத்தை மாற்றிவிடலாம் என்று கணக்கு.

ஏறும்போது உபதேசியார் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதை எது இழுக்கு?"

"மின்சாரம், ஐயா."

"கண்ணுக்குத் தெரியலையே."

"கர்த்தரும் தெரியலையே, ஐயா" என்றேன், பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து. அவர் சக்கரத்தை விட்டுவிட்டு வேதப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

தோட்டத்தில் காப்பிப் பழம் பிழியும் தண்ணீர்ச் சக்கரத்தோடு சின்ன டைனமோ ஒன்று இருந்தது. ஏற்றத்தில் வண்டி முக்கால்வாசி மின்சாரத்தைத் தின்றுவிட்டதால், ஓடைக்கரைக் கொட்டகையில் நிறுத்தி கம்பியை மாட்டினேன். பல் கிட்டுகிற குளிர். சாப்பிட்டுவிட்டு வந்து பாட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே திராவகம் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மில்லில் பாட்டரி நிறைந்ததற்கு அதுதான் அடையாளம்.

"நிறைஞ்சிட்டு ஐயா! மலைத்தண்ணி மின்சாரம் வேகமா ஏறுது பாருங்க" என்று கம்பியைக் கழற்றினேன். குளிர்ந்த பாட்டரி மின்சாரத்தைச் சரியாக வாங்காது, வாங்கும் முன்பே குமிழி விட்டு ஏமாற்றும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

காலையில் ஜெபம் முடிந்து புறப்பட்டோம். வெளியே மலையே இல்லை. வெள்ளைத் துணியால் மூடியதுபோல் பனி. எங்கள் வண்டிக்கும் சத்தமில்லை, காட்டுக்கும் சத்தமில்லை. எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. (என் மூச்சுதான். ஆனால் அது பின்னாலிருந்துதான் கேட்டது.) விளக்கைப் போட்டேன். சிவந்து, சுருங்கி, மிருகத்தின் கண்போல் ஆகி அணைந்தது. பாதை கடைசியாக ஒரு மேடு ஏறித்தான் இறக்கத்துக்கு வரும். மேட்டு உச்சிக்குச் சற்று முன்னால் வண்டி மெல்ல முனகி நின்றது.

"தம்பி, செத்துட்டா?"

"இல்லை ஐயா, களைச்சிருக்கு."

ஓரத்தில் மரத்தடியில் சுடலைமாடன் பீடம் ஒன்று தெரிந்தது. மேலே மணி தொங்கியது. காற்றே இல்லை. ஆனாலும் அது ஒரு தடவை அடித்தது. இலையிலிருந்து சொட்டு விழுந்திருக்கலாம். நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

"பேயெல்லாம் கிடையாது. நீ நம்புதியா?"

"சேச்சே!"

"அப்போ என் கையை எதுக்குப் புடிச்சிருக்கே?"

கையை விட்டேன். மேட்டுக்கு அப்பால் கீழே மரம் வெட்டுகிறவர்களின் குடிசைகள் இருப்பது தெரியும். மாடு கொண்டுவந்து இழுத்துப் போகலாம் என்று அவரை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. இருந்தாலும் ஓட்டமும் நடையுமாகவே போனேன்.

சுடலைமுத்து என்பவன் ஒரு ஜோடி மாட்டோடு வந்தான். மாடு தேடி, கயிறு தேடிப் புறப்படுவதற்குள் வெயில் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஆனால் நாங்கள் இருந்த பள்ளத்தில் பனி அப்படியே நின்றது. பாதி தூரம் ஏறியதும் மாடுகள் நின்றன. காதை விடைத்தன. சுடலைமுத்து மெதுவாக, "அண்ணாச்சி, மேல என்னமோ வருது" என்றான்.

நான் பார்த்தேன்.

வெள்ளையாக ஓர் உருவம். தலையிலிருந்து கீழே வரை வெள்ளை. இரண்டு கைகளையும் அகல விரித்து, தரையில் படாமல், ஒரு சிறு சத்தமும் இல்லாமல் பனிக்குள்ளிருந்து எங்களை நோக்கி இறங்கி வந்தது. வர வர வேகம் கூடியது.

மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அவற்றை நான் முந்தினேன். முந்தி, ஓரத்துக் குழியில் விழுந்து, ஞானஸ்நானம் பெற்ற என் வாயால் மலை அதிரக் கத்தினேன்: "சுடலைமாடா! காப்பாத்து! ஒனக்குக் கெடா வெட்டுதேன்!"

அந்த உருவம் மண்மேட்டில் மோதி நின்றது. குளிருக்குத் தலையோடு போர்த்தியிருந்த வெள்ளைப் போர்வை சரிந்தது. உள்ளே உபதேசியார், அடியில் எங்கள் வண்டி. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு குழிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"யாருக்குலே கெடா?"

நடந்தது இதுதான். மேட்டில் பனி விலகி நல்ல வெயில் அடித்திருக்கிறது. ஓய்விலும் சூட்டிலும் பாட்டரிக்குக் கொஞ்சம் உயிர் திரும்பியிருக்கிறது. விறைத்துப்போன கால்களோடு எழுந்திருக்க அவர் கைப்பிடியைப் பற்றி முன்னால் தள்ளியிருக்கிறார். "பைய நகந்துது. நிப்பாட்டத் தெரியலை" என்றார். உச்சியைத் தாண்டியதும் சரிவு இழுத்துக்கொண்டது. பயத்தில் இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டார். அதுதான் நான் கண்ட விரித்த கை.

மாடுகளைப் பிடித்து வண்டியில் கட்டி இறங்கினோம். என் கல்யாணம் அந்தக் குழியிலேயே அடக்கமாகிவிட்டது என்று நினைத்தேன். மலையடிவாரம் வந்ததும் உபதேசியார், "தம்பி, அந்தக் கெடாவை வெட்டப் போறியா?" என்றார்.

"இல்லை, ஐயா."

"அப்போ மாடன்கிட்டயும் பொய் சொல்லியிருக்கே."

அழுகை வந்தது. அப்போது முன்னால் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்த சுடலைமுத்து திரும்பாமலே கேட்டான்: "ஐயா, ஒரு சந்தேகம். வண்டி வந்து இடிக்கும்போது நீங்களும் ஏதோ கத்துனீக. 'ஏ மாடா, விலகுடா'ன்னுதான் என் காதுல விழுந்துது. அது இந்த மாட்டைச் சொன்னதா, இல்ல..."

உபதேசியார் வெகுநேரம் இருமினார். ஊர் எல்லை வந்ததும் என் தோளில் கை வைத்து, "மலையில நடந்தது மலையோட இருக்கட்டும்" என்றார். சித்திரையில் எஸ்தருக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது.

மலையோடு இருக்கவில்லை. சுடலைமுத்துவுக்கு எங்கள் ஊர்ச் சந்தையில் நிறைய சிநேகிதர்கள். இன்றைக்கும் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு நான் கண்ணை மூடினால், என் மனைவி ஒரு கண்ணைத் திறந்து சொல்லுவாள்:

"பேரைச் சரியாச் சொல்லிக் கூப்பிடுங்க."