அப்பாவுக்குச் சுடச்சுட ஒரு கை ரசம்

எது அச்சில் வந்தாலும் நான் நம்பிவிடுவேன். இது எனக்குப் பிறவிக் கோளாறு. மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (வீட்டில் நான்தான் அதை விட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்). அதனால் படித்தவர்களுக்கு வருகிற சந்தேகங்கள் எனக்கு வருவதில்லை. சீமையில் ஒருவன் கம்பியில்லாத் தந்தியால் உருளைக்கிழங்கு வேகவைக்கிறான் என்று ஒரு வாரப் பத்திரிகையில் போட்டிருந்ததை நம்பி, தபாலாபீசுக்கு எதிரே கிழங்கு வண்டி வைத்திருந்தவனைப் பார்த்து நான் உண்மையாகவே பரிதாபப்பட்டிருக்கிறேன்.

மயிலாப்பூரில் அப்போது மாதத்துக்கொரு புதுச் சாமான் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பம்ப் அடிக்கிற ஸ்டவ், தானே முகம் வழித்துக்கொள்ளும் கத்தி, தட்டினால் எரிகிற விளக்கு. ஸ்டவ் வாங்கின வீடுகளில் ஒருவர் சமைக்க, இன்னொருவர் ஸ்டவ் ஊசியைத் தேடிக்கொண்டிருப்பார். கத்தி வாங்கினவர்கள் தாடையில் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டு கபாலி தரிசனத்துக்கு வந்தார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. பத்திரிகையில் வரும் புதுமைப் பக்கத்தைப் பஞ்சாங்கத்துக்கு அடுத்தபடியாகப் பக்தியோடு படித்து வந்தேன்.

அந்தப் பக்கம்தான் எனக்கு முதல் பாவத்தையும் தேடி வைத்தது.

என் அப்பா தபாலாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தினவர். விடியற்காலையில் போக வேண்டிய வேலை. பழையதும் ஆறினதுமாகவே அத்தனை வருஷத்தையும் ஓட்டியவருக்கு, பென்ஷன் வாங்கின பிறகு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. எதையும் சூடாகச் சாப்பிட வேண்டும். அதிலும் மிளகு ரசம். காய்ச்சலாகப் படுத்த ஒன்பதாம் நாள் சாயங்காலம், "கொஞ்சம் ரசம் சூடாக் குடுடா" என்றார். விசாலம் (என் சம்சாரம்) கொதிக்கக் கொதிக்க வைத்து என் கையில் கொடுத்தாள். நான் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேசும் படத்தில் சத்தம் எப்படி வருகிறது என்ற விஷயத்தைப் படித்து முடித்துவிட்டுத் தரலாம் என்று உட்கார்ந்தேன். முடித்துவிட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். "ஆறிப்போச்சேடா" என்று தம்ளரை நகர்த்தினார். மறுநாள் பொழுது விடிவதற்குள் போய்விட்டார்.

பேசும் படத்தில் சத்தம் எப்படி வருகிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதல் வருஷத் திவசம் நெருங்கியபோது எங்கள் ராமு வாத்தியார் வந்து, என்னென்ன சமைக்க வேண்டும், என்ன கூடாது என்று விசாலத்திடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். நடுவில் சாதாரணமாக ஒன்று சொன்னார். அன்னத்தில் சூடு இருக்கிற வரைக்கும்தான் பித்ருக்கள் இருந்து புசிப்பார்களாம். சூடு போனால் அவர்களும் எழுந்துவிடுவார்களாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டுத் திவசச் சமையல் பத்து மணிக்கு முடிந்துவிடும். ஹோமம், மந்திரம் எல்லாம் ஆகி இலை போட ஒன்றரை ஆகும். ரசம் வருவதற்கு இன்னும் அரை மணி. அப்பா மறுபடியும் ஆறின ரசத்துக்குத்தான் வரப்போகிறார்.

அந்தச் சமயத்தில்தான் நான் குமாஸ்தாவாக இருந்த லஸ் வக்கீல், பிளாஸ்க் என்று ஒன்றை வாங்கிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார். காலை ஒன்பது மணிக்கு ஊற்றின காப்பியை மத்தியானம் மூன்று மணிக்கு என் கண் முன்னால் சாய்த்தார். ஆவி பறந்தது. கட்சிக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மவுண்ட் ரோடில் ஒரு பாய் கடைக்குப் போனேன். வெள்ளைத் தகரமும் நீலப் பட்டையுமாக, குட்டிக் கோபுரம் போல ஒன்றை எடுத்து வைத்தார்.

"இன்னா சாமி, காப்பிக்கா?"

ரசத்துக்கு என்றேன். பாய் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"ரசமோ பாலோ, ஊத்திக்கோங்க. ஒண்ணு மட்டும் சொல்லிப்புட்றேன். வெளிய தொட்டா ஜில்லுனு கீது, உள்ளார நெருப்பு கீது. அத்த மறந்துட்டு வாயில வுட்டுக்கினீங்கன்னா நாக்கு பூடும். டம்ளர்ல ஊத்தி நல்லா ஊதி ஊதிக் குடிக்கணும்."

ஊதிக் குடிப்பதா? திவசத்தில் ஊதினால் எச்சில் ஆகிவிடாதோ? பாவம், பாய்க்கு நம் ஆசாரம் என்ன தெரியும் என்று மனசுக்குள் அவரை மன்னித்துவிட்டு, பிளாஸ்க்கைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டிராமில் வீடு வந்து சேர்ந்தேன். (இந்த மன்னிப்புக்காக அப்புறம் அவரிடம் எத்தனை தடவை மானசீகமாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் என்று கபாலிக்குத்தான் தெரியும்.)

வீட்டில் விசாலம் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியை வாயால் ஊதித்தான் பண்ணுகிறார்கள் என்று போன மாதம் பத்திரிகையைப் பார்த்து நானே அவளுக்கு வாசித்திருந்தேன்.

"எவனோ வாய் வெச்சு ஊதினதுல மாமனாருக்கு ரசமா? மடிக்குள்ள இது வந்தா நான் வெளில போயிடறேன் பாருங்கோ."

விஷயம் ராமு வாத்தியாரிடம் போயிற்று. அவர் பிளாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் படித்ததைச் சொன்னேன். இரண்டு கண்ணாடிச் சுவர், நடுவில் ஒன்றுமே கிடையாது, காற்றுகூடக் கிடையாது, அதனால்தான் சூடு வெளியே போகாது. வாத்தியார் வெகுநேரம் யோசித்தார். கடைசியில், ஒன்றுமே இல்லாத இடத்தில் தோஷம் எங்கே போய் உட்காரும் என்று அவரே தீர்ப்பு சொல்லி, புண்ணியாகவாசன ஜலத்தை நாலு சொட்டு உள்ளே விட்டார். விசாலம் அரை மனசோடு அடுப்பங்கரைக்குள் அதற்கு இடம் கொடுத்தாள்.

திவசத்தன்று காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து மணிக்கு ரசம் பொங்கி நுரைத்து வருகிற பக்குவத்தில் அப்படியே பிளாஸ்க்கில் ஊற்றி மூடினேன். வயிறு காய்ந்து, கண்ணெல்லாம் புகை. ஹோமத்துக்கு வைத்த சமித்து ஈரம். அக்னி பிடிக்கவே அரை மணி ஆயிற்று. மற்றவர்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். எனக்கு ஆனந்தம். நேரம் ஆக ஆக என் பிளாஸ்க்கின் பெருமை அல்லவா கூடுகிறது?

அப்பாவின் ஸ்தானத்தில் உட்கார்ந்து சாப்பிட வந்திருந்தவர் வைத்தா கனபாடிகள். தெற்கு மாடவீதியில் அவர் வேதம் சொல்லும் குரலைக் கேட்டு மாடுகள்கூட அசைபோடுவதை நிறுத்தும் என்பார்கள். அன்றைக்கு அந்தப் பலகையில் அவர் கனபாடிகள் இல்லை, என் அப்பா. அதுதான் சாஸ்திரம். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அப்படிச் சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டுப்பாடுகள் பல. சாப்பிட்டு முடியும்வரை வாய் திறந்து பேசக் கூடாது. நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று காட்டக் கூடாது. இடது கை இலை ஓரத்தை விடக் கூடாது. பாதியில் எழுந்திருக்கவே கூடாது. எல்லாம் முடிந்தபின் "திருப்தியா?" என்று நான் கேட்க, "திருப்தி" என்று அவர் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன்.

இலையில் எல்லாமே ஆறிப் போயிருந்தது. வடை, கறி, குழம்பு எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. கனபாடிகள் நிதானமாகச் சாப்பிட்டார். ராமு வாத்தியார் ஓரத்தில் கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ரசத்தின் முறை வந்தது.

கனபாடிகளுக்கு ரசம் என்றால் முதலில் ஒரு கை வாங்கிக் குடிக்க வேண்டும். வலது கையைக் குழித்து, கண்ணை மூடி நீட்டினார். நான் "அப்பா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பிளாஸ்க்கைச் சாய்த்தேன்.

ஹோமத் தீயில் பழகின கை. ஒரு நொடி தாங்கிவிட்டது. கீழே விட்டால் பித்ருவுக்குக் கொடுத்ததைச் சிந்தின பாவம்; ஊதக் கூடாது; கத்தக் கூடாது. அந்த மனிதருக்கு வேறு வழியே இல்லை. அப்படியே வாயில் விட்டுக்கொண்டார்.

முகம் செங்கல் மாதிரி சிவந்தது. தலை மெள்ள மேலே போயிற்று. மூடின கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. உடம்பு ஒருதரம் குலுங்கியது.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பா வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வருஷம் கழித்துச் சூடாக ரசம் குடித்த ஆனந்தத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை பொங்கிற்று. கனபாடிகள் வலது கையை வாய்க்கெதிரே வேகமாக ஆட்டினார். அது மோர், மோர் என்ற ஜாடை என்று பின்னால் தெரிந்தது. எனக்கு இன்னும், இன்னும் என்று தோன்றிற்று. அந்தக் கையைப் பிடித்து, அன்போடு குழித்து, இரண்டாம் தடவை ஊற்றினேன்.

உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த விசாலம்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அவர் அழலை, வெந்து போயிருக்கார்."

மோர் வந்தது. ஒரு செம்பு மோரும் போயிற்று. கனபாடிகள் எழுந்திருக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை, இடது கையை இலையிலிருந்து எடுக்கவில்லை. என் அப்பாவுக்காக இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். எனக்கோ, பூமி பிளந்து என்னையும் பிளாஸ்க்கையும் சேர்த்து விழுங்காதா என்றிருந்தது.

கேட்க வேண்டிய கட்டம் வந்தது. "திருப்தியா?" என்று கேட்டேன்.

கனபாடிகள் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. இன்னொரு தரம் கேட்கச் சொன்னார் வாத்தியார். கேட்டேன். மறுபடி காற்று. அந்த ஒரு வார்த்தை வராவிட்டால் திவசம் முடியாது. அப்பா பசியோடு நிற்பார். மூன்றாம் தரம் கேட்கும்போது நான் கை கூப்பிக்கொண்டு கனபாடிகளுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். எங்கேயோ அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை என்று சொல்ல முடியாது. வாத்தியார், "போறும், பகவானுக்குப் புரிஞ்சுடுத்து" என்று சொல்லி மேலே மந்திரத்துக்குப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து மௌனம் கலைகிற நேரத்தில் நான் கனபாடிகளின் காலில் விழுந்தேன். அவரால் பேச முடியவில்லை. பக்கத்திலிருந்த பாத்திரத்து ஜலத்தில் விரலைத் தோய்த்துத் தரையில் எழுதினார்.

"உன் அப்பா வந்தார். எழுந்து ஓடிட்டார்."

ராமு வாத்தியார் அதைக் குனிந்து வாசித்துவிட்டு, சிரிப்பை அடக்கக் கொல்லைப்புறம் போனார். ஈரம் காய்கிறவரைக்கும் நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் தெற்கு மாடவீதியில் கனபாடிகளின் குரல் இல்லை. பத்து நாளும் காலையில் வெண்ணெய் எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்றேன். பதினோராம் நாள், "போடா, பிழைச்சுட்டேன்" என்றார். பெரிய மனசு. ஆனால் அடுத்த வருஷத் திவசத்துக்கு அவர் வரவில்லை. மாடவீதி நாலிலும் யாரும் வரவில்லை. மந்தைவெளியிலிருந்து இரண்டு பேரைப் பிடித்தேன். அங்கேயும் செய்தி போயிருந்தது. அவர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள்: "எல்லாத்தையும் நன்னா ஆற வெச்சுட்டு ஆள் அனுப்புங்கோ. அதுவரைக்கும் கோயில்ல இருக்கோம்."

அப்படியே நடந்து வருகிறது. அந்த பிளாஸ்க் திவசத்துக்கு அப்புறம் இந்த வருஷத்தோடு எட்டுத் திவசம். எட்டிலும் அப்பாவுக்குச் சில்லென்ற ரசம். உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் திவசமே பண்ணுவதில்லை. அவர்களுடைய அப்பாக்கள்கூட இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள். கபாலி சன்னிதியில் நின்றால் மற்றவர்களெல்லாம் ஏதேதோ கேட்கிறார்கள். எனக்கு, அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற ஒரே கேள்விதான்.

வீட்டில் இது வேடிக்கையாகிவிட்டது. புதுச் சாமான் எது வந்தாலும், "இதை யார் நாக்குல சோதிக்கப் போறேள்?" என்று கேட்காமல் விசாலம் உள்ளே விடுவதில்லை. போன வாரம் பத்திரிகையில், மின்சாரத்தால் தானே குளிர்ந்துகொள்ளும் பெட்டி ஒன்று வந்திருக்கிறது, உள்ளே வைத்தது வாரக் கணக்கில் கெடாது என்று போட்டிருந்தான். வாய் சும்மா இருக்கிறதா? சாப்பிடும்போது உரக்க வாசித்துவிட்டேன். என் பெரிய பிள்ளை அம்பி, போன மாதம்தான் உத்தியோகத்தில் சேர்ந்தவன், இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்:

"உங்க திவசத்துக்கு அது ஒண்ணு வாங்கிடறேம்பா. மந்தைவெளிக்காரா காத்திண்டிருக்க வேண்டாம் பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். விசாலத்துக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் அடிவயிற்றில் எனக்கு இப்போதே சில்லென்றிருந்தது.